ஆற்றின் இரு கரையிலும் ஒரே பேச்சு வேண்டும்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதன் பிறகு மக்களவைத் தொகுதிகளின் எண்ணிக்கையை மாற்றக் கூடாது என்ற தடை விலகும். தமிழ்நாட்டின் 39 இடங்கள் என்னவாகும் என்று சென்னையும் டெல்லியும் வாதாடுகின்றன. கர்நாடக எல்லையில் காட்டுக்கு நடுவே இருக்கும் அஞ்செட்டியின் பெயர் அந்த வாதத்தில் அடிபடுவதே இல்லை. ஆனால், பொதுத் தேர்தலில் தன் வாக்கு எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்க வேண்டிய ஊர்களில் முதல் வரிசையில் நிற்பது அதுதான்.

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வந்து, அங்கிருந்து மலைப்பாதையில் இறங்கினால் அஞ்செட்டி. இன்னும் தெற்கே நாட்றாம்பாளையம் வழியாகப் போனால் ஒகேனக்கல். அந்தப் பக்கத்துக் காவிரிக் கரையில்தான் பிலிகுண்டுலு இருக்கிறது. கர்நாடகம் இன்று எத்தனை கன அடி விட்டது என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்களே, அந்தக் கணக்கை மத்திய நீர்வள ஆணையம் எடுக்கும் இடம் அது.

இங்கே நிலம் மானாவாரி. ராகி, கொள்ளு, அவரை. விளைந்ததை யானை விட்டுவைத்தால் வீட்டுக்கு வரும். படித்த பிள்ளைகள் ஓசூர் சிப்காட்டுக்குப் போகிறார்கள், மற்றவர்கள் பெங்களூரில் கட்டட வேலைக்கு. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், வேலைக்குப் போன இடத்தில் கன்னடம் என்று ஒரே நாளில் மூன்று மொழி பேசுகிறவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

சட்டமன்றத்துக்கு இது தளி தொகுதி, மக்களவைக்குக் கிருஷ்ணகிரி. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் சேர்ந்து அந்த ஒரே மக்களவைத் தொகுதி. 2011 கணக்கெடுப்பில் 18 லட்சத்து 79 ஆயிரம் பேர் வாழ்ந்த மாவட்டத்துக்கு மக்களவையில் ஒரு நாற்காலி.

இரண்டு கர்நாடகத் தேர்தல்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை விழுந்து, எலும்பு வளைந்து போன தலைமுறைகளை இந்த ஊர்கள் பார்த்திருக்கின்றன. அதற்கு மருந்தாக வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். காவிரியில் தமிழ்நாட்டுக்கு உரிய பங்கிலிருந்து 1.4 டிஎம்சி தண்ணீர் எடுப்பதற்கு 1998-லேயே மத்திய அரசு தடையில்லாச் சான்று தந்துவிட்டது. 2008 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார்.

அந்த மே மாதம் கர்நாடகத்தில் சட்டமன்றத் தேர்தல். பாஜக தலைவர் எடியூரப்பா ஒகேனக்கல்லுக்கே வந்து எதிர்ப்புத் தெரிவித்தார். பெங்களூரில் தமிழ்ப் படங்கள் ஓடிய திரையரங்குகள் தாக்கப்பட்டன. ஏப்ரல் முதல் வாரத்தில், கர்நாடகத்தில் புதிய அரசு அமையும்வரை பொறுத்திருப்போம் என்று கருணாநிதி அறிவித்தார். அப்போது மத்தியில் காங்கிரஸ் கூட்டணி ஆட்சி, அதில் திமுகவும் அங்கம். கர்நாடகத்தில் பாஜகவை எதிர்த்து நின்ற முக்கியக் கட்சி காங்கிரஸ். இந்த மாவட்டத்துக் குழந்தைகளின் குடிநீர், பக்கத்து மாநிலத் தேர்தல் கணக்குக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. திட்டம் பிறகு நகர்ந்து, 2013-ல் ஜெயலலிதா ஆட்சியில் பயன்பாட்டுக்கு வந்தது.

பத்தாண்டுகள் கழித்து அதே கதை மீண்டும் நடந்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் இறுதித் தீர்ப்பு வழங்கியது. பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று அளவு குறித்து, அதைச் செயல்படுத்தும் ஏற்பாட்டை ஆறு வாரங்களில் உருவாக்க மத்திய அரசுக்குக் கெடு விதித்தது. கெடு முடிந்த பிறகு மத்திய அரசு நீதிமன்றத்துக்குப் போய் மேலும் மூன்று மாதம் கேட்டது. சொன்ன காரணங்களில் ஒன்று, கர்நாடகத் தேர்தல். மே 12 அன்று வாக்குப்பதிவு முடிந்தது. ஜூன் 1 அன்றுதான் காவிரி மேலாண்மை ஆணையத்துக்கான அறிவிக்கை வந்தது. அப்போது மத்தியில் பாஜக ஆட்சி.

ஒரு முறை காங்கிரஸ், ஒரு முறை பாஜக. இரண்டு முறையும் காத்திருந்தது நாம்தான். இதை ஒரு தலைவரின் குணக்கேடு என்று நான் பார்க்கவில்லை. கர்நாடகத்தில் ஆட்சியைப் பிடிக்க வேண்டிய ஒரு கட்சி, தமிழ்நாட்டின் நியாயத்தைத் தேர்தல் நேரத்தில் உரக்கச் சொல்லாது. கர்நாடகத்துக்கு மக்களவையில் 28 இடங்கள். அங்கே இரண்டு தேசியக் கட்சிகளுக்கும் முதல்வர் நாற்காலியே எட்டும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அவை கூட்டணியின் ஒரு பகுதியாக நிற்கின்றன. தராசு எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரே மார்ச் மாதம், இரண்டு வாக்குகள்

மேகேதாட்டு இதற்கு இன்னும் துலக்கமான சாட்சி. காவிரியின் குறுக்கே அணை கட்டத் திட்டமிடப்பட்டுள்ள அந்த இடம், அஞ்செட்டிக் காடுகளுக்கு அக்கரையில், கனகபுரா வட்டத்தில் இருக்கிறது. 67 டிஎம்சி கொள்ளளவு, 400 மெகாவாட் மின்சாரம் என்பது கர்நாடகத்தின் திட்டம். 2022 ஜனவரியில் கர்நாடகக் காங்கிரஸ் தலைவர்கள் டி.கே.சிவகுமாரும் சித்தராமையாவும் அணை கேட்டு மேகேதாட்டிலிருந்து பாதயாத்திரை நடத்தினார்கள். அப்போது ஆட்சியில் இருந்த பாஜகவின் முதல்வர் பசவராஜ் பொம்மை, மார்ச் 4 அன்று தாக்கல் செய்த பட்ஜெட்டில் அணைக்காக 1,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்.

அதே மார்ச் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் மேகேதாட்டு அணைக்கு எதிரான தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. காங்கிரஸ் உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். பாஜக உறுப்பினர்களும் ஆதரித்தார்கள். பதினேழு நாள் இடைவெளியில், ஒரே கட்சி ஒரு மாநிலத்தில் அணைக்குப் பணம் ஒதுக்குகிறது, அடுத்த மாநிலத்தில் அணை கூடாது என்று கை தூக்குகிறது. 2025 நவம்பரில், திட்ட அறிக்கை நிலையிலேயே தடை கேட்பது முன்கூட்டிய செயல் என்று உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் மனுவை ஏற்கவில்லை. இனி முடிவு, மத்திய நீர்வள ஆணையமும் காவிரி மேலாண்மை ஆணையமும் அந்த அறிக்கையை எப்படிப் பார்க்கின்றன என்பதில் இருக்கிறது. அப்படியானால் டெல்லியில் ஆளும் கட்சியின் மனம் எந்தக் கரையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை இங்குள்ள வாக்காளருக்கு உண்டு.

தேசியக் கட்சிக்காரர்கள் எல்லோரும் வாய் மூடி இருந்தார்கள் என்று சொன்னால் அது அநியாயம். கிருஷ்ணகிரி மக்களவை உறுப்பினராக இருந்த காங்கிரஸ் தலைவர் வாழப்பாடி ராமமூர்த்தி, காவிரிப் பிரச்சினைக்காக 1991-ல் நரசிம்ம ராவ் அமைச்சரவையிலிருந்து விலகினார். தன் கட்சியின் ஆட்சியில், தன் பதவியை உதறினார். அப்படி ஒருவர் இந்தத் தொகுதியிலிருந்து போயிருக்கிறார் என்பதைப் பெருமையோடு நினைக்கலாம். அதற்குப் பிறகு அப்படி ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை.

வேல்ஸில் மூழ்கிய ஊர்

பிரிட்டனின் மேற்கு ஓரத்தில் வேல்ஸ் இருக்கிறது. மக்கள் சுமார் 31 லட்சம். தனி மொழி, தனிப் பண்பாடு. அங்கே 1957-ல் நடந்ததைப் படித்தால் நம் ஊர்க் கதைபோலவே இருக்கும்.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. வேல்ஸின் ட்ரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்ட நகராட்சி முடிவு செய்தது. வேல்ஸின் உள்ளூர் அமைப்புகளிடம் அனுமதி கேட்காமல், நேரே லண்டன் நாடாளுமன்றத்தில் சட்டம் கொண்டுவந்து காரியத்தை முடித்தார்கள். வேல்ஸ் உறுப்பினர்களில் ஒருவர்கூட அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. ஆனாலும் நிறைவேறியது. 1965-ல் கேப்பல் கெலின் என்ற ஊர், பள்ளிக்கூடம், அஞ்சலகம், தேவாலயம் எல்லாவற்றோடும் நீருக்குள் போனது. 2005-ல் லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது.

அந்த உறுப்பினர்களில் பெரும்பாலானோர் தொழிற்கட்சிக்காரர்கள். நல்லவர்கள், தொழிலாளர்களுக்காக உழைத்தவர்கள். ஆனால் லிவர்பூலிலும் தங்கள் கட்சிக்கு வாக்கு வேண்டும். ஊரைக் காப்பாற்ற முடியவில்லை. 1925-ல் தொடங்கப்பட்டு, நாற்பது ஆண்டுகள் ஓர் இடம்கூட வெல்லாமல் கிடந்த வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரிக்கு வழி திறந்ததில் இந்தக் கோபத்துக்குப் பங்குண்டு. 1966-ல் கார்மார்த்தன் இடைத்தேர்தலில் அதன் தலைவர் குவின்ஃபோர் எவன்ஸ் வென்றார். அடுத்த ஆண்டு இங்கே அண்ணா கோட்டைக்குப் போனார். 

பிளைட் கம்ரிக்காரர்கள் தொழிற்கட்சியையும் கன்சர்வேட்டிவ் கட்சியையும் 'லண்டன் கட்சிகள்' என்றே குறிப்பிடுவார்கள். இரண்டில் எது ஆண்டாலும் முடிவு லண்டன் கணக்கில்தான் எடுக்கப்படும் என்பது அவர்களது வாதம். லண்டனிலிருந்து வடக்கே போகும் அதிவேக ரயில் பாதையை அதற்கு உதாரணம் காட்டுகிறார்கள். அந்தப் பாதையில் ஓர் அடிகூட வேல்ஸில் இல்லை. ஆனால் 'இங்கிலாந்து – வேல்ஸ் திட்டம்' என்று பதிவு செய்துவிட்டதால், ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் கிடைத்த ஈட்டுப் பங்கு வேல்ஸுக்குக் கிடைக்கவில்லை. லண்டனில் தொழிற்கட்சி எதிர்க்கட்சியாக இருந்தபோது வேல்ஸ் தொழிற்கட்சியும் இந்தப் பணத்தைக் கேட்டது.

2024 தேர்தலில், லண்டனிலும் வேல்ஸ் தலைநகர் கார்டிஃபிலும் ஒரே கட்சி ஆண்டால் எல்லாம் நடக்கும் என்று தொழிற்கட்சி பிரச்சாரம் செய்தது. நம் ஊரில் 'இரட்டை எஞ்சின்' என்கிறார்களே, அதே பேச்சு. வேல்ஸ் மக்கள் 32-ல் 27 இடங்களைத் தந்தார்கள். அடுத்த ஆண்டு ரயில்வேக்கு 44.5 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. பிளைட் கம்ரி கேட்பதோ சுமார் 400 கோடி பவுண்டு. 2025 அக்டோபரில் கேர்ஃபிலி இடைத்தேர்தல் வந்தது. நூறாண்டுகளாகத் தொழிற்கட்சியின் கோட்டையாக இருந்த ஊர் அது. மக்கள் பிளைட் கம்ரியை ஜெயிக்க வைத்து, தொழிற்கட்சியை மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார்கள்.

பிளைட் கம்ரியின் தொலைநோக்கு தனி நாடு. நமக்கு அந்தப் பாதை வேண்டாம். திமுகவே அந்தக் கோரிக்கையைக் கைவிட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால், அவர்கள் பொதுத் தேர்தலை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதில் நாம் கற்க நிறைய இருக்கிறது.

மூன்று பேர் வாங்கிய சட்டம்

1979 மார்ச் 28. லண்டனில் காலஹனின் தொழிற்கட்சி அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். அரசுக்குப் பெரும்பான்மை இல்லை, ஒவ்வொரு வாக்குக்கும் அலைந்தார்கள். பிளைட் கம்ரியிடம் இருந்தவர்கள் மூன்றே பேர். வட வேல்ஸின் சிலேட்டுக் கல் குவாரிகளில் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போன தொழிலாளர்களுக்கு இழப்பீடு வேண்டும் என்பது அவர்கள் வைத்த கோரிக்கை. பல குவாரிகள் மூடப்பட்டு, முதலாளிகளே இல்லாமல் போனதால் வழக்குப் போடவும் ஆளில்லாத நிலை. அரசு ஒப்புக்கொண்டது. மூவரும் அரசுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். 311-க்கு 310 என்று ஒரே வாக்கில் அரசு கவிழ்ந்தது. ஆனாலும் இழப்பீட்டுச் சட்டம் அந்த ஆண்டே நிறைவேறியது.

கிரானைட் குவாரிகள் நிறைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதைப் படிக்கும்போது மனம் நின்றுவிடுகிறது. மூன்று பேரால் இவ்வளவு முடிந்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து 2024-ல் ஒரே அணியாக 39 பேர் போனார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வந்த மத்திய பட்ஜெட்டில் ஆந்திரத்தின் தலைநகருக்கு 15,000 கோடி ரூபாய் ஏற்பாடு, பிஹாருக்குச் சாலைகளும் வெள்ளத் தடுப்புத் திட்டங்களும். தெலுங்கு தேசத்துக்கு 16 உறுப்பினர்கள், ஐக்கிய ஜனதா தளத்துக்கு 12. அரசு நிற்பது அவர்கள் தோளில்.

2014-ல் அதிமுக மட்டும் 37 இடங்களை வென்றது. 2018-ல் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அதன் உறுப்பினர்கள் நாள்கணக்கில் மக்களவையை முடக்கினார்கள். தனிப்பெரும்பான்மை உள்ள அரசு அதைக் கண்டுகொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆக, எத்தனை பேர் போகிறார்கள் என்பதைப் போலவே, எந்த நேரத்தில் எதைக் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். காவிரி நடுவர் மன்றம் 1990-ல் அமைந்தது வி.பி.சிங் ஆட்சியில். அந்த ஆட்சியின் தேசிய முன்னணியில் திமுக இருந்தது, ஆனால் 1989 மக்களவைத் தேர்தலில் திமுகவுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்ற உத்தரவும் கைகொடுத்தது. கேட்டது ஒன்றே ஒன்று, விடாமல் கேட்டார்கள், கிடைத்தது.

நம் கட்சிகள் டெல்லிக்குக் கொண்டுபோகும் கோரிக்கைப் பட்டியல்கள் நீளமானவை. எதையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஆனால் நீண்ட பட்டியலை வாங்கி வைத்துக்கொள்வது எளிது. குவாரித் தூசி என்று ஒற்றைக் கோரிக்கை வைத்தால், தந்தார்களா இல்லையா என்று ஊரே சொல்லிவிடும்.

இடம் குறைந்தால் என்ன ஆகும்

வேல்ஸுக்கு 2024 தேர்தலில் இன்னோர் அடியும் விழுந்தது. தொகுதி மறுவரையறையில் அதன் இடங்கள் 40-லிருந்து 32 ஆயின. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஸ்காட்லாந்து 59-லிருந்து 57. இங்கிலாந்து 533-லிருந்து 543 ஆக ஏறியது. ஒரு வாக்குக்கு ஒரே மதிப்பு என்ற நியாயம் அதற்குச் சொல்லப்பட்டது. அந்த நியாயத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால், மக்கள் குறைவாக, பரந்து கிடக்கும் மலைப்பகுதிகளில் தொகுதிகள் பெருத்துப் போயின. வேல்ஸில் ஆங்கில்சி தீவு மட்டும் சட்டத்திலேயே விலக்குப் பெற்றுத் தனித் தொகுதியாக நின்றது.

நமக்கும் முன் அனுபவம் உண்டு. 1962-ல் 41 மக்களவை இடங்கள் இருந்த மாநிலம் 1967-ல் 39-க்கு இறங்கியது. 1976-ல் இந்திரா காந்தி ஆட்சியில் 42-ஆவது திருத்தம் எண்ணிக்கையை உறைய வைத்தது. 2001-ல் வாஜ்பாய் ஆட்சியில் அந்த உறைநிலை, 2026-க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்புவரை நீண்டது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்களைத் தண்டிக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

இப்போதுள்ள 543 இடங்களை மக்கள்தொகைப்படி மட்டும் பிரித்தால் தமிழ்நாட்டுக்கு 31 அளவில் வரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எந்தத் தென்மாநிலத்துக்கும் ஓர் இடம்கூடக் குறையாது என்று 2025 பிப்ரவரியில் கோவையில் அமித் ஷா சொன்னார். ஆனால் 39 என்ற எண் குறையாமலே, அவை பெருத்து, நம் பங்கு மட்டும் குறையலாம். 543-ல் 39 என்பது சுமார் 7.2%. உறுதி கேட்க வேண்டியது இந்தப் பங்குக்கு.

2025 மார்ச் 22 அன்று சென்னையில் ஸ்டாலின் கூட்டிய கூட்டத்தில் கேரளம், தெலங்கானா, பஞ்சாப் முதல்வர்களோடு கர்நாடகத் துணை முதல்வர் டி.கே.சிவகுமாரும் உட்கார்ந்தார். மேகேதாட்டு அணைக்காக நடந்தவர்தான் அவர். அவரை ஏன் அழைத்தீர்கள் என்று அன்று பாஜக கறுப்புக்கொடி காட்டியது. என் பார்வையில் அவர் வந்தது நல்லது. தண்ணீரில் மோதுகிற இரண்டு மாநிலங்கள், இடங்களின் விஷயத்தில் ஒன்றாக நிற்க முடியும் என்றால், அந்த மேசையில் எல்லையோர மக்களின் தொல்லைகளையும் வைக்கலாமே. காவிரிக் கலவரம் வரும்போதெல்லாம் எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் வண்டிகள் நின்றுவிடுகின்றன. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் எரிக்கப்பட்டபோது, மூட்டை முடிச்சோடு மக்கள் எல்லையை நடந்தே கடந்தார்கள். அஞ்செட்டியிலிருந்து கட்டட வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பியது அப்படித்தான்.

மாநிலத்துக்குள்ளும் மறுவரையறை நடக்கும். ஓசூர் வேகமாக வளர்கிறது. அஞ்செட்டிப் பக்கம் பாதி காடு, அதிலும் 2014 முதல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். தலைக்கணக்கு மட்டும் பார்த்தால், தளி தொகுதி இன்னும் விரிந்து, ஓசூரின் வளரும் புறநகர் ஒன்றும் மலைக்கிராமங்களும் ஒரே தொகுதியாகலாம். அங்கே யாருடைய குரல் கேட்கும் என்பதை ஊகிப்பது சிரமமில்லை.

சென்னையிடமும் கேட்க வேண்டும்

வேல்ஸில் 2021 கணக்கெடுப்புப்படி வெல்ஷ் மொழி பேசுவோர் 17.8% மட்டுமே. வெல்ஷ் பேசுவோரின் கட்சி என்ற அடையாளத்தைத் தாண்டி, ஆங்கிலம் மட்டுமே தெரிந்த வேல்ஸ்காரர்களையும் 'இது நம் கட்சி' என்று சொல்ல வைக்க பிளைட் கம்ரிக்கு நெடுங்காலம் பிடித்தது. கேர்ஃபிலி வெற்றி அந்த உழைப்பின் பலன்.

தமிழ்நாட்டு மாநிலக் கட்சிகளுக்கு அதே பாடம் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. 2024 ஜூனில் கிருஷ்ணகிரி உறுப்பினர் கே.கோபிநாத் மக்களவையில் தெலுங்கில் உறுதிமொழி எடுத்தபோது சிலர் முகம் சுளித்தார்கள். இந்தத் தொகுதியை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பு இல்லை. தெலுங்கும் கன்னடமும் உருதும் இங்கே பிறந்து வளர்ந்த மொழிகள். அவற்றைப் பேசுகிறவர்கள் காவிரியில் தமிழ்நாட்டின் உரிமைக்காக நிற்கிறவர்கள், ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கிறவர்கள். டெல்லி இந்தியைத் திணிக்கக் கூடாது என்று வாதாடும் மாநிலம், தன் எல்லையிலுள்ள தாய்மொழிப் பள்ளிகளுக்கு ஆசிரியரையும் பாடநூலையும் நேரத்தில் தர வேண்டும்.

1969-ல் ராஜமன்னார் குழு, 1974-ல் மாநில சுயாட்சித் தீர்மானம், 2025-ல் நீதிபதி குரியன் ஜோசப் குழு என்று அதிகாரப் பகிர்வுக்காக அரை நூற்றாண்டுக்கு மேல் வாதாடுகிறோம். எனக்கு இதில் முழு உடன்பாடு. ஆனால் அந்த வாதம் கோட்டையோடு நின்றுவிடுகிறது. மாவட்டத் தலைநகர் கிருஷ்ணகிரியில் இன்றும் ரயில் நிலையம் இல்லை. ஓசூர் ரயில் நிலையமோ தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர்க் கோட்டத்தில் இருக்கிறது. ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் என்று 2024-ல் மாநில அரசு அறிவித்தது. பெங்களூர் விமான நிலையத்தோடு மத்திய அரசு செய்த ஒப்பந்தத்தின்படி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிய விமான நிலையத்துக்குத் தடை. இவை டெல்லியில் தீர வேண்டியவை. அஞ்செட்டியிலிருந்து மலைக்கிராமங்களுக்குப் போகும் சாலைக்கும், அஞ்செட்டி மருத்துவமனையில் இரவில் மருத்துவர் இருப்பதற்கும் டெல்லி வர வேண்டாம். சென்னை போதும்.

என்ன செய்யலாம்

முதலில், அடுத்த மக்களவைத் தேர்தலில் கிருஷ்ணகிரியில் நிற்கும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் மேகேதாட்டு பற்றி எழுத்தில் பதில் வாங்க வேண்டும். தேசியக் கட்சி வேட்பாளர் என்றால், கனகபுரா அடங்கிய பெங்களூர் ஊரகத் தொகுதியில் அதே கட்சி என்ன சொல்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துக் கன்னடத்திலும் தமிழிலும் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். கல்லூரி மாணவர்களும் விவசாய சங்கங்களும் வணிகர் சங்கமும் சேர்ந்தால் இதற்குச் செலவு அதிகம் ஆகாது. இரு கரையிலும் ஒரே வாக்கியத்தைச் சொல்லத் துணிந்த கட்சி எது என்று அப்போது தெரிந்துவிடும்.

கூட்டணி பேசும் மாநிலக் கட்சிகள் இடப் பங்கீட்டோடு கோரிக்கைகளையும் பேசி முடிக்க வேண்டும். இந்த மாவட்டத்துக்கு மூன்று போதும்: ஜோலார்பேட்டை–கிருஷ்ணகிரி–ஓசூர் ரயில் பாதைக்கு ஆண்டு குறித்த நிதி, விமான நிலையத்துக்கான 150 கிலோமீட்டர் தடையிலிருந்து விலக்கு, குவாரித் தொழிலாளர்களின் நுரையீரல் நோய்க்கு ஒரு நிரந்தர இழப்பீட்டு நிதி. மூன்றாவதை நான் முதலாவதாக வைப்பேன்.

மறுவரையறையில், தமிழ்நாட்டின் பங்கு குறையாது என்பதைச் சட்டத்தில் எழுதிக் கேட்க வேண்டும். மேடையில் தரும் உறுதி போதாது. மாநிலத்துக்குள் தொகுதி பிரிக்கும்போது, 2002-ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டம் மக்கள்தொகையோடு நில அமைப்பு, போக்குவரத்து, பொதுமக்களின் வசதி ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கச் சொன்னது. புதிய சட்டம் வந்தால் அதில் காடும் மலையும் சேர்ந்த பகுதிகளுக்குத் தனிச் சலுகை வேண்டும். ஆங்கில்சிக்குக் கடல் காரணமாக இருந்தது போல், அஞ்செட்டிக்குக் காடு காரணமாகலாம். மறுவரையறை ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் நடத்தும். அந்தக் கூட்டம் மாவட்டத் தலைநகரோடு முடிந்துவிடாமல் தேன்கனிக்கோட்டையிலும் நடக்க வேண்டும். வரைவு வரைபடம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஒட்டப்பட வேண்டும். உரிகத்திலிருந்தும் நாட்றாம்பாளையத்திலிருந்தும் கிராம சபைத் தீர்மானங்கள் இப்போதே தயாராக வேண்டும். வரைபடம் வந்த பிறகு மனு எழுத உட்கார்ந்தால் காலம் கடந்துவிடும்.

கடைசியாக எல்லை. 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டத்தில் பிறந்த தென்மண்டல கவுன்சில் இருக்கிறது. அதன் கீழ் கிருஷ்ணகிரிக்கும் பக்கத்துக் கர்நாடக மாவட்டங்களுக்கும் ஒரு நிலைக்குழுவைத் தமிழ்நாடு கேட்க வேண்டும். பந்த் நாளில் ஆம்புலன்ஸ் நிற்காமல் போக ஒரு வழி, ஓசூருக்கும் பெங்களூருக்கும் தினம் போய் வருபவர்களின் பாதுகாப்புக்கு இரு மாநிலக் காவல் துறைக்கும் பொதுவான ஒரு தொலைபேசி எண், காட்டுக்குள் யானை எந்தப் பக்கம் நகர்கிறது என்று இரு வனத்துறைகளும் அன்றன்றே பரிமாறிக்கொள்ளும் தகவல். இந்த மூன்றையும் முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யலாம். இதற்கு அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை, இரண்டு தலைமைச் செயலாளர்களின் கையெழுத்தே போதும்.